பெயர் மட்டும் மாறினால் போதுமுங்களா?

1997 ஜனவரி 1-ஆம் தேதி காலையில் ராசிபுரத்துக்காரர்கள் கண் விழித்தபோது வேறு மாவட்டத்தில் இருந்தார்கள். முந்தின ராத்திரி படுத்தது சேலம் மாவட்டத்தில், எழுந்தது நாமக்கல் மாவட்டத்தில். கட்டிலை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. திருச்செங்கோட்டு மலையும் ஓர் அங்குலம் நகரவில்லை. எந்தத் தாலுகா எந்த மாவட்டம் என்று பதிவேட்டில் இருந்த வரி மட்டும் மாறியது.

லினக்ஸின் மையமான கெர்னலிடம் புரோகிராம்கள் வேலை சொல்லும் அழைப்புக்கு 'சிஸ்டம் கால்' என்று பெயர். அதில் 'ரீநேம்' என்ற அழைப்பு செய்வதும் இதே வேலைதான். ஃபைலின் சரக்கு டிஸ்கில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதை அடையாளம் காட்டும் 'ஐநோடு' எண்ணும் மாறாது. டைரக்டரியில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள பெயரைத்தான் கெர்னல் மாற்றி எழுதும்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் அண்ணன் ஒருவருக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! எண்கணிதக்காரர் சொன்னாரென்று கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியிருந்தார். போர்டு, பில் புக் எல்லாம் மாறி, கடைசியில் கம்ப்யூட்டருக்கு வந்தார்.

"தம்பி, ஃபோல்டர் பேரையும் மாத்திப்புடுங்க. ராத்திரி பூரா ஆனாலும் பரவால்ல, பரோட்டா வாங்கியாறச் சொல்றேன்."

என்டரைத் தட்டினேன். முடிந்தது. அண்ணன் முகம் தொங்கிவிட்டது.

"அவ்வளவுதானுங்களா? இதுக்கெல்லாம் கூலி கேப்பீங்களாக்கும்?"

பரோட்டாப் பேச்சும் அத்தோடு நின்றது. பிறகு, அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்கு நகர்த்தச் சொன்னார். அது வேறு ஃபைல் சிஸ்டம். ரீநேம் அந்த எல்லையைத் தாண்டாது, முடியாதென்று கைவிரித்துவிடும். உடனே 'எம்வி' கட்டளை ஒவ்வொரு ஃபைலாக நகலெடுத்து, பிறகு பழையதை அழிக்க ஆரம்பிக்கும். நெடுநேரம் ஓடியது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இதுதானுங்க வேலை!" என்றார். பரோட்டா வந்தது, சால்னாவோடு.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில், 1983-இல் பெர்க்லியின் 4.2 பதிப்பு வரும்வரை ரீநேமுக்கென்று தனி அழைப்பு கிடையாது. முதலில் புதுப் பெயரைச் சேர்ப்பார்கள், பிறகு பழையதை நீக்குவார்கள். நடுவில் கரண்ட் போனால் ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர். இப்போது அந்த இழுபறி இல்லை.

ஆனால் ரீநேம் ஆள் கொஞ்சம் முரடு. புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், அதைத் துரத்திவிட்டு இதை உட்கார வைக்கும். ஒரு வார்த்தை கேட்காது. 'இருப்பதை அழிக்காதே' என்று சொல்லும் வசதி லினக்ஸ் கெர்னலுக்கு 2014-இல்தான் வந்தது. அரசாங்கம் இந்த விஷயத்தில் தங்கம். ஒரு புதூருக்காக இன்னொரு புதூரை அழித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. தவிர, ரீநேமுக்குத் தானாகத் திரும்பும் வழியும் கிடையாது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே வாபஸ் வாங்கியது. கெர்னலுக்கு அந்தத் தாராளம் வராது.

இன்னொரு குணமும் உண்டு. ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமுக்கு நடுவில் நடந்த பெயர் மாற்றம் தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். எங்கள் பெரியப்பா இந்த ரகம். 1997 ஜூலையில் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தார்கள். சேலத்து அண்ணா போக்குவரத்துக் கழகமும் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பெரியப்பா இன்றைக்கும் சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்று, "அண்ணா பஸ் எப்ப கண்ணு வரும்?" என்றுதான் கேட்பார். மாற்றத்துக்குப் பிறகு பிறந்த கண்டக்டர் பையனும் சளைக்காமல், "பின்னாலயே வருதுங்க" என்பான்.