ஓட அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்: மாவட்ட விளையாட்டரங்க நிர்வாகம்

பொருள்: 56 வயதில் 100 மீட்டர் ஓட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: நான் ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது தங்கள் காவலாளி பிறப்பித்த வாய்மொழி ஆணை: "மேடம், வாக்கிங் அந்தப் பக்கம்."

ஐயா,

வயதானவர்கள்மீது தாங்கள் காட்டும் பரிவு ஊரறிந்தது. வெளிவட்டத்தில் நடைபாதை, நிழலுக்கு வேப்பமரம், உட்கார சிமென்ட் பெஞ்சு, பெஞ்சின் முதுகில் இதய மருத்துவமனை விளம்பரம். வாக்கிங் அன்பர்கள் நால்வர் டிராக்கையே அடைத்துக்கொண்டு அரசியல் பேசி நடந்தாலும் தாங்கள் கண்டுகொள்வதில்லை. நான் முழு வேகம் எடுத்தால் மட்டும் விசில் ஊதுகிறார்கள். ஒருமுறை காவலாளி என்னை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் யார் துரத்தி வருகிறார்கள் என்று பார்த்தார்.

முறைப்படி தடகள வீரர் அட்டைக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் பெற்றோர் கையொப்பம், தலைமையாசிரியர் சான்று இரண்டும் கட்டாயம். தலைமையாசிரியர் காலமாகி வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதினேன். அப்படி எழுதுவது பொருந்தாது என்று தங்கள் எழுத்தர் திருப்பிவிட்டார்.

அம்மா இருக்கிறார், வயது 82. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முழுக்கப் படித்தார். "அப்போ நான் வேணாம்னு சொன்னா உன்னை ஓட விடமாட்டாங்களா?" என்று ஆசையோடு கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஒன்பதாவது படித்தபோது, பெரியவளான பிறகு டிரவுசர் எதற்கு என்று மாவட்டப் போட்டிக்கு இதே கையெழுத்தை மறுத்தவர் அவர்.

முன்னுதாரணம் இல்லை என்கிறீர்கள். மான் கவுர் ஓடத் தொடங்கியதே 93 வயதில். 2017இல் ஆக்லாந்தில் 100 மீட்டரை 74 விநாடியில் ஓடியபோது அவருக்கு வயது 101. ஹரியானாவின் ராம்பாய் 2022இல் வதோதராவில் அதே தூரத்தை 45.40 விநாடியில் முடித்தபோது 105. அதே ஆண்டு பின்லாந்தின் தாம்பரேயில் 24.74 விநாடியில் தங்கம் வென்ற பகவானி தேவிக்கு 94. இவர்களிடம் எந்தத் தலைமையாசிரியர் சான்று கேட்டார்களோ!

உலக மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு பிரிவு. 55 ஆனதும் புதுப் பிரிவில் நானே சின்னப் பெண். இந்த வயதில் பிறந்தநாளை எண்ணிக் காத்திருக்கும் பெண்களை வேறெங்கும் பார்க்க முடியாது. முழங்கால் மடங்க மறுத்தால் ஸ்டார்ட்டிங் பிளாக் இல்லாமல் நின்றபடியே புறப்படலாம். விதி அவ்வளவு இரக்கமுள்ளது.

வாக்கிங் உடம்புக்கு நல்லது என்ற தங்கள் அறிவுரையை நான் மறுக்கவில்லை. ஆனால் வயதாகும்போது முதலில் சுருங்குபவை, சட்டென்று இயங்கும் தசை இழைகள். ஓடும்போது நொடிக்கு வைக்கும் காலடி எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை. எட்டின் நீளம் குறைகிறது, பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது. பேருந்துப் படியில் தடுக்கினால் மறுகாலை நொடியில் முன்வைத்துக் காப்பாற்றுபவையும் அந்த இழைகள்தாம். வேப்பமரத்தை எத்தனை சுற்று சுற்றினாலும் அவை எழுந்திருப்பதில்லை. நம்மிடம் முதலில் கழன்றுபோகும் பொருளுக்குத்தான் தாங்கள் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளுமே என்ற தங்கள் கவலையும் நியாயமே. இழுத்துக்கொண்டது. மூன்றாவது லேன் வளைவில் ரப்பர் பெயர்ந்து கிடக்கிறதே, அந்தக் குழியில். அதன்பின் ஒரு மாதம் தங்கள் விருப்பப்படி வாக்கிங்தான் போனேன். குழி இன்னும் அங்கேயே நலமாக இருக்கிறது.

இப்போது 18 விநாடி ஓட்டத்துக்கு முக்கால் மணி நேரம் வார்ம்-அப் செய்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் தம்பி, "குதிகால் தரையில பட வேணாம்மா, முட்டியைத் தூக்குங்க" என்று தூரத்திலிருந்தே கத்துவார். எனக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு அனுமதி இல்லையாம். அதனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கத்துகிறார்.

வாரம் இரண்டு நாள், காலை ஏழுக்குள், ஒரே ஒரு லேன் போதும். மறுப்பதானால் எழுத்தில் தரவும். 'விண்ணப்பதாரர் வயதுக்கு மீறிய வேகத்தில் ஓடினார்' என்று காரணம் குறித்து, தேதியும் அலுவலக முத்திரையும் இட்டுத் தந்தால், ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மகளிர் 55 பிரிவு ஓட்டக்காரி