ஆவணக் காப்பாளர் கரையான் அவர்களுக்குப் பணி நீட்டிப்பு வேண்டி

பெறுநர்: மாண்பமை அலுவலகம், பண்ருட்டி வட்டாரம் (பெயர் தேவையில்லை, படியேறி இறங்கியவர்கள் அறிவார்கள்).

பொருள்: கணினி பழுதால் காணாமற்போன மனுக்கள் – மனுதாரர்களிடமே நகல் கேட்கும் நன்னடைமுறை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

கணினியின் ஹார்ட் டிஸ்க், அதாவது கோப்புகள் அனைத்தும் பதிந்திருக்கும் வன்தட்டு, பழுதாகி மனுக்கள் மொத்தமாகப் போய்விட்ட நிலையில், அவற்றைத் தேடித் தரும் பொறுப்பை மனு கொடுத்தவர்களிடமே ஒப்படைத்த மாண்பமை அலுவலகத்தின் நிருவாகத் திறனைப் போற்றும் பொருட்டு இம்மடல் வரையப்படுகிறது. சென்ற வாரம் முந்திரித் தோப்புக்காரரான பெரியவர் ஒருவர், தாம் கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்டு வந்தபோது, "சிஸ்டம் போயிடுச்சுங்க பெரியவரே, உங்ககிட்ட இருக்கிற ஜெராக்ஸைக் கொண்டாங்க, பார்த்து ஏத்திக்கிறோம்" என்ற விடை அருளப்பட்டது. அவர் மஞ்சள் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து நீட்டியதும், அதை வாங்கி வைத்துக்கொண்டு, அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து 'உண்மை நகல்' என்று அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவர் கையொப்பமிட்ட நகலாக அது இருக்க வேண்டும் என்று மேலும் அறிவுறுத்தப்பட்டது. அசல் இருந்த இடம் அந்த அலுவலகமே என்பதையும், அது அங்கே இல்லாமற்போனதால்தான் நகலே கேட்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எண்ணுவோர்க்கு இவ்விதியின் தத்துவ ஆழம் விளங்கும்.

இந்நடைமுறை நேற்று முளைத்ததன்று என்பதை ஆய்வு நோக்கில் பதிவு செய்தல் வேண்டும். திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூரும், சூலை நோய் நீங்கி அவர் பதிகம் பாடத் தொடங்கிய திருவதிகையும் பண்ருட்டிக்குப் பக்கத்து ஊர்களே ஆதலால், கோப்பைப் பறிகொடுத்த முதல் பண்ருட்டி வட்டாரத்தார் என்ற பெருமை அவருக்கே உரியது. அவரும் சம்பந்தரும் உள்ளிட்ட மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று கேட்டபோது, வைத்த மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்று சொல்லப்பட்டது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. மனுதாரர் நேரில் வர வேண்டும் என்ற விதியின் மிகப் பழைய வடிவம் இதுவே எனலாம். மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறந்தபோது ஏடுகளின்மேல் கரையான் புற்று வளர்ந்திருந்தது. பாடப்பட்டவை லட்சத்துக்கு மேல் என்று மரபு கணக்குச் சொல்ல, இன்று கைக்கு எட்டுபவை 800-க்குச் சற்றுக் குறைவான பதிகங்களே. எஞ்சியதே இக்காலத்துக்குப் போதும் என்று அசரீரி சமாதானம் சொல்லியதாகவும் அப்புராணம் தெரிவிக்கிறது. அரசு விளக்கக் குறிப்புகளின் நடை எங்கிருந்து வந்தது என்ற ஐயத்துக்கு இதனினும் தெளிவான விடை கிடைத்தல் அரிது.

ஆக, தமிழ்நாட்டின் முதல் ஆவணக் காப்பாளர் திருவாளர் கரையான் அவர்களே. ஆயிரம் ஆண்டுக்கு மேல் விடுப்பு எடுக்காமல், பஞ்சப்படி கேளாமல், வாங்கிய கோப்பைத் திருப்பித் தராமல் பணியாற்றிய இவ்வலுவலரை, கணினி வந்தபின் ஓய்வு பெறச் செய்தது ஒன்றே மாண்பமை அலுவலகத்தின் குறை. ஓலையைத் தின்னக் கரையானுக்கு நூற்றாண்டுகள் பிடித்தன. வன்தட்டோ ஒரே பிற்பகலில் முழு அலமாரியையும் தின்றுவிடுகிறது என்பதால், வேகம் கருதியே இப்பணிமாற்றம் நடந்திருக்க வேண்டும்.

அதே தேவாரத்தில் எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. ஏடுகளில் கிட்டாத சம்பந்தர் பதிகம் ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிடைவாய்க் கோயிலின் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. யாரோ ஒருவர் வேறோர் ஊரில், வேறொரு பொருளின்மேல், ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். கரையான் அவர்களுக்குக் கல் செரிக்காது.

காப்பு நகல், வழக்கில் 'பேக்கப்' எனப்படுவது, இவ்வளவே ஆகும்: ஒரு கோப்பின் பிரதி அசலிலிருந்து தனித்து வேறோரிடத்தில் இருத்தல். ஆள் நினைவு வைத்துக்கொண்டு செய்யாமல் குறித்த நேரத்தில் கணினி தானே பிரதி எடுத்துக்கொள்வது தானியங்கிக் காப்பு. கணினித் துறையினர் இதற்கு மூன்று-இரண்டு-ஒன்று என்ற விதியைச் சொல்வர். அதாவது அசலையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில். எந்த மனுவானாலும் மூன்று நகல் இணைக்கச் சொல்லும் மாண்பமை அலுவலகம் இவ்விதியை வெளிநாட்டாருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது என்று கொள்ள இடமுண்டு. மூன்று நகலையும் ஒரே டேக் கயிற்றில் கட்டி, ஒரே பீரோவில், ஒரே தட்டில் வைத்ததுதான் சிறு வேறுபாடு. மூட்டைக்கு மூன்று மடங்கு தீனி கிடைத்ததைக் கரையான் அவர்கள் நன்றியுடன் நினைவுகூர்வார்.

கணினியிலும் அதே மரபு பேணப்படுகிறது. அலுவலகக் கணினி ஒன்றைத் திறந்தால் 'டி' டிரைவில் 'பேக்கப்', 'பேக்கப் நியூ', 'பேக்கப் நியூ ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர்களைக் காணலாம். 'சி', 'டி' என்பவை பெரும்பாலும் ஒரே தட்டில் கோடு கிழித்துப் பிரித்த இரு பகுதிகளே ஆதலால், தட்டு போகும்போது மூன்றும் ஒற்றுமையாகவே போகின்றன.

இவ்வளவுக்கும் வேண்டிய ஏற்பாடு மேசைமேலேயே கிடக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஃபைல் ஹிஸ்டரி' என்ற வசதி விண்டோஸ் கணினிகளில் இருக்கிறது. யுஎஸ்பி வழியே தனி வன்தட்டு ஒன்றைச் செருகி அதை இயக்கிவிட்டால், மாறிய கோப்புகளை மட்டும் மணிக்கொருமுறை எடுத்து, பழைய வடிவங்களையும் அழிக்காமல் சேர்த்து வைக்கும். 'டாஸ்க் ஷெட்யூலர்' என்னும் நேரங்குறிப்பானில், பிரதி எடுக்கும் 'ரோபோகாப்பி' கட்டளையைப் பதிந்து வைத்தால் இரவு ஒன்பது மணிக்கு, ஊழியர் வீடு போய்ச் சேர்ந்தபின், பிரதி தானாக நடக்கும். கணினி அணையாமல் இருந்தாலே போதும். லினக்ஸ் கணினிகளில் 1996 முதலே பிரதி எடுக்கும் இவ்வேலையை 'ஆர்சிங்க்' செய்து வருகிறது. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. ரோபோகாப்பியின் 'மிரர்' முறை அசலில் அழிந்ததை நகலிலும் அழித்துவிடும் ஆதலால், மாலையில் தவறுதலாக அழித்த கோப்பு இரவில் காப்பிலிருந்தும் மறையும். மேற்பார்வை இல்லாமலே கரையான் பணி நடைபெறும். அதுபோலவே, எப்போதும் செருகியே கிடக்கும் தட்டைப் பிணைப்பணம் கேட்கும் வைரஸ்களும் பூட்டிவிடும். 2017 மே மாதம் 'வானாக்ரை' உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, கழற்றித் தனியே வைத்த பிரதி இருந்தவர்கள் காசு கொடுக்காமல் மீள வழி இருந்தது. ஆகவே இரண்டாவது தட்டு ஒன்றை வாரம் ஒருமுறை செருகிக் கழற்றி வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும். எடுத்த பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்பு, தில்லையின் பூட்டிய அறைக்குச் சமம்.

வேறு கட்டடம் என்பது ஆடம்பரம் என்று கருதப்படுமானால், இந்தக் கடலூர் மாவட்டத்தின் அண்மை வரலாற்றைப் புரட்டினால் போதும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல் பண்ருட்டியின் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2015-இன் பெருமழையில் மாவட்டம் வெள்ளக்காடானது. அப்படிப்பட்ட நாள்களில்தான் நிவாரணம் கேட்டு வருபவரிடம் "உம் பெயரில் தோப்பு இருந்ததற்கு ஆவணம் எங்கே" என்ற கேள்வியும் எழுகிறது. கேட்கும் அலுவலகத்தின் தரைத்தளத்திலும் அன்று தண்ணீர் நிற்கலாம்.

பெரிய இடத்திலும் இது நடக்கிறது என்ற ஆறுதலும் உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து பற்றிய தீயில், அரசு ஊழியர்கள் கோப்பு சேமித்துவந்த 858 டெராபைட் கொண்ட 'ஜி-டிரைவ்' முழுவதும் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளிக்காப்பு எடுக்கவில்லை என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம். மாண்பமை அலுவலகத்தின் மனுக்களோ ஒரு டெராபைட் தட்டின் மூலையில் அடங்குபவை. அத்தட்டின் விலை சில ஆயிரம் ரூபாய். அதை வாங்காத சோம்பலுக்கு எழுபது வயதைக் கடந்த ஒருவர் வெயிலில் பேருந்து மாறி மாறி வந்து தண்டம் கட்டுகிறார். அவர் மனுவைத் தொலைத்தவர் அவர் இல்லை. தொலைத்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவரை நிற்க வைத்து, அவர் வைத்திருக்கும் காகிதம் பொய்யா மெய்யா என்று கேட்பது வெட்கங்கெட்ட செயல். அதற்கு நிருவாகம் என்ற பெயர் பொருந்தாது.

இவ்வரிகளில் பணிவு குறைந்திருப்பின் மாண்பமை அலுவலகம் பெருந்தன்மையுடன் பொறுத்தருள்க. தட்டு வாங்க நிதி ஒதுக்கீடு வரும்வரை கரையான் அவர்களுக்கே பணி நீட்டிப்பு வழங்குவதில் எவருக்கும் மறுப்பில்லை. அவரேனும் சில ஏடுகளை மிச்சம் வைத்தார். அதுவரை, பெரியவரிடம் வாங்கி வைத்த ஜெராக்ஸைச் சான்றொப்பம் கேளாமல் பதிவு செய்து, அதை இரண்டு இடங்களில் ஸ்கேன் செய்து வைத்து, மனு எண்ணும் தேதியும் குறித்த ஒப்புகைச் சீட்டை அவருக்கு இவ்வாரத்துக்குள் தபாலில் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அவர் இன்னொரு முறை வர வேண்டியதில்லை.