அட்டை வீட்டுக்குள் வரும் வழிகள்: அப்புத்தளைச் சான்றுகளுடன் ஓர் ஆராய்ச்சி

இவ்வாய்வின் களம் அப்புத்தளையில், கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,400 மீற்றர் உயரத்தில், மேலே காடும் பணிய தோட்டத்துக் குளமும் இருக்க நடுவில் நிற்கும் தொழிலாளர் லயத்தில் ஒரேயொரு வீடு. அதாவது எங்கள் வீடு. ஒரு வீட்டை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரலாமா என்று கேட்பவர்கள் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வந்து தங்கலாம். பாய் தருகிறோம்; தரவு தானாக வந்து சேரும்.

ஆய்வுப் பொருள் நில அட்டை. அறிவியல் அதற்கு வைத்த பெயர் ஏமடிப்சா சைலானிக்கா. முதற்சொல்லுக்கு இரத்தத் தாகம் என்று பொருள். இரண்டாவது சொல் அது இலங்கையைச் சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி. 1948இல் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது. எல்லோருக்கும் அது திரும்பி வர 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் அட்டையின் பெயரிலிருந்த சைலானிக்காவில் யாரும் கை வைக்கவில்லை என்பதை ஆய்வாளர் பொறாமையோடு பதிவுசெய்கிறார்.

முன்னோர் சொன்னதைப் பார்ப்போம். தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது கறையானையும் எறும்பையும் மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நான்கறிவிலும் வைக்கிறது. சூத்திரத்தில் அட்டையின் பெயர் இல்லை. தொல்காப்பியர் அப்புத்தளைப் பக்கம் வந்திராதது ஒரு காரணமாகலாம். அட்டைக்குப் பத்துக் கண்கள், மூன்று தாடைகள். மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் காலடி அதிர்வையும் கண்டுகொண்டு தலையைத் தூக்கி ஆடும். இதை எந்த அறிவில் சேர்ப்பது? கணக்கப்பிள்ளையைத் தாண்டி, கங்காணியைத் தாண்டி, கடைசித் தேயிலை நிரையில் நிற்கிறவளின் காலைத் தேடிப் பிடிக்கும் அறிவு ஆறாவதாகத்தான் இருக்கவேண்டும்.

அட்டையை மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் நாடும் என்றொரு பழமொழி உண்டு. இது முழுத்தவறு. இதைச் சொன்னவர் சமவெளிக் குளத்து அட்டையை மட்டும் கண்டவர். எங்கள் அட்டையைச் செத்தையில் எறிந்தால் மெத்தைக்கு வரும். சென்ற மார்கழியில் என் தலையணை உறைக்குள்ளிருந்தே ஒன்றை எடுத்தேன். பழமொழியைத் திருத்தும்படி யாரிடம் மனுக் கொடுப்பது என்று தெரியாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறநாட்டார் சான்றுகள் இன்னும் வளமானவை. 1344இல் சிவனொளிபாதமலை ஏறிய இபின் பதூதா, மரத்திலும் நீரோரப் புல்லிலும் இருந்து ஆள்மேல் பாயும் அட்டையைப் பற்றி எழுதினார்; ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு கொண்டுபோய் அதன்மேல் பிழிவதையும் கண்டார். முந்நூறு ஆண்டுக்குப் பிறகு கண்டி ராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறைபட்டுத் தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில், எலுமிச்சையும் உப்பும் துணியில் முடிந்து கம்பில் கட்டிக் காலில் ஒற்றிக்கொண்டே நடக்கும் மனிதர்களைச் சொல்கிறார். இன்றைக்கும் எங்கள் லயத்தில் எலுமிச்சையும் உப்பும்தான். கூடச் சேர்ந்தது சவுக்காரக் கட்டி ஒன்று. ஏறக்குறைய எழுநூறு ஆண்டில் ஒரு துறை அடைந்த முன்னேற்றம் இவ்வளவே.

பாயுமா, ஊருமா என்ற வழக்கும் பழையது. பாயும் என்று மலையில் நின்றவர்கள் சொன்னார்கள். ஊரும் என்று புத்தகத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். 2024இல் மடகஸ்காரில் ஓர் அட்டை இலையிலிருந்து உடம்பைப் பின்னுக்கு வளைத்துத் துள்ளியதைக் காணொளியோடு வெளியிட்டார்கள். அது வேறு இனம். நம்மூர் அட்டை அந்தத் தீர்ப்பைக் காட்டித் துள்ள முடியாது. ஆனாலும் இந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது, முப்பது வருடம் கொழுந்து பறித்த என் அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “இதுக்குமா படம் புடிச்சாங்க?” என்றதோடு சரி.

இனி மையப் பொருளுக்கு வருவோம். அட்டை வீட்டுக்குள் தானாக வருவது அரிது; யாராவது கூட்டிவருகிறார்கள். எங்கள் வீட்டில் முதற்குற்றவாளி, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்கு. மலையிலிருந்து வந்ததும் இடுப்பிலிருந்து அவிழ்த்து அடுப்பங்கரைக் கொடியில் போடுவார்கள். அது சூட்டில் காயக் காய, மடிப்புக்குள் சுருண்டிருந்தது ஒவ்வொன்றாகச் சிமெந்துத் தரையில் விழும். சத்தமே கேட்காது. விழுந்ததும் நூல்போல நீண்டு, தலையை வலமும் இடமும் ஆட்டி, அளவுகோல் வைத்ததுபோல் வளைந்து வளைந்து அளந்துகொண்டு போகும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவை இவ்வளவு நேர்மையாக அளந்தவர் வேறு யாரும் இல்லை.

இரண்டாவது விறகுக் கட்டு. மூன்றாவது நாயின் விரலிடுக்கு. நான்காவது விருந்தாளி. கொழும்பிலிருந்து வந்தவர்கள் லிப்டன் சீட்டையும் ஆதிஷாம் பங்களாவையும் பார்த்துவிட்டு, தங்கமலைக் காட்டுக்குள் நாலு எட்டு வைத்துவிட்டு, வெள்ளைக் காலுறையோடு வந்து உட்காருவார்கள். எழும்பும்போது காலுறை வெள்ளையாக இருக்காது. கடித்தது தெரிந்திருக்காது, இரத்தமும் நிற்காது. அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை 1884இல் ஹேக்ராஃப்ட் என்ற பிரித்தானியர் கண்டறிந்தார். யார் கூட்டிவந்த அட்டை என்ற சண்டை எழுந்தால் அதன் வயிறே சாட்சி. டாஸ்மேனியாவில் 2001இல் கொள்ளை நடந்த வீட்டில் கிடந்த ஓர் அட்டையின் இரத்தத்தைச் சோதித்து, அதை வைத்தே ஒருவரைப் பிடித்தார்கள்; அவர் 2009இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டில் அவ்வளவு செலவு இல்லை. யார் கால் சிவந்திருக்கிறதோ அவர்தான்.

இந்த இடத்தில் பீடை என்ற சொல்லையே விசாரிக்க வேண்டியிருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். குளவி புழுவுக்குள் முட்டையிட்டது, புழு அடங்கியது. உலகம் மெச்சிய வெற்றி, நியாயமான பெருமை. ஆக, இலையைக் கடித்தால் பீடை, கப்பலில் குளவி வரும். இலையைப் பறிக்கிறவளைக் கடித்தால் அது மலைவேலை, சவுக்காரம் அவள் காசில். வகைப்பாட்டில் இருக்கும் இந்தச் சிறு இடைவெளியை நிரப்பத்தான் இவ்வாய்வு.

தடுப்பு முறைகளில் ஆய்வாளர் சிபாரிசு செய்வது அடுப்புச் சாம்பல். வாசற்படிக்கு வெளியே நாலு விரல் அகலத்தில் கோடு போட்டால், ஈர உடம்பு அதைக் கடக்க யோசிக்கும். இதற்குப் பெரிய எதிரி மழையல்ல, கேஸ் அடுப்பு. அது வந்த பிறகு சாம்பலுக்கு எங்கே போவது? 2022இல் நாடே கேஸுக்கு வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டிலும் விறகு திரும்ப எரிந்தது. அந்த மாரியில் வாசற்படியில் நல்ல தடித்த கோடு விழுந்தது. பொருளாதார நெருக்கடியால் பயனடைந்த துறை இது ஒன்றுதான் என நினைக்கிறேன். விறகோடு வந்த அட்டைகளைக் கழித்துப் பார்த்தால் அதுவும் சந்தேகம்.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது எந்த முறையும் தேவையில்லை. (கொறிக்கும் கச்சானுக்கும் இதற்கும் உறவுண்டா என்பது தனி ஆய்வு.) மலை காய்ந்து கிடக்கும், ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறும், கொழும்பு ஏலத்தில் விலை ஏறும், அட்டை மண்ணுக்குள் லீவில் இருக்கும். ஐப்பசியில் வேலைக்குத் திரும்பும்.

கடைசியாக, அட்டை எவ்வளவு நாள் பட்டினி கிடக்கும் என்று அறிய ஒன்றைப் பிடித்து, வெறும் ஜாம் போத்தலில் ஈரப்பாசியோடு அடைத்து, மூடியில் துளை போட்டு அலுமாரி மேல் வைத்தேன். இரண்டாம் கிழமை அம்மா கண்டுவிட்டார்.

“மலையில கடிச்சது பத்தாதுன்னு போத்தல்ல வச்சி வளக்கிறியாடா?”

உப்புப் போடப்போகிறார் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து, விரலில் ஏறவிட்டு, ஒட்டுமுன் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் உருண்டையாக உருட்டி, குளத்துப் பக்கம் சுண்டிவிட்டார். ஆய்வு அத்தோடு நின்றது. அடுத்த கிழமை பார்த்தபோது அந்தப் போத்தல் கழுவிக் காயவைத்து அலுமாரி மேலேயே இருந்தது. உள்ளே நாலாக வெட்டிய எலுமிச்சங்காய் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது.