மின்ரயில் துயில்: ஓர் ஆய்வு முன்னுரை

ஒருவர் தூங்குகிறாரா என்று அவரிடமே கேட்க இயலாது, கேட்டால் விழித்துவிடுவார். இதற்கு அறிவியல் கண்ட வழி, மணிக்கட்டில் கடிகாரம்போல் கட்டும் அசைவு சென்சார். கை அசைந்தால் விழிப்பு, அசையாவிட்டால் உறக்கம் என்று அது கணக்கெழுதும்.

இதை நம்மவர் கையிலும் கட்டிப் பார்த்தாயிற்று. கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் முதலான பொருளியலாளர்கள் சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். படுக்கையில் 8 மணி நேரம்; உறக்கமோ சராசரியாக 5.5 மணி நேரம். இரவுக்கு 31 முறை விழிப்பு. கொசுவும் புழுக்கமும் தெருநாயும் அறிந்தோர் வியக்கமாட்டார்கள். மிச்சம் இரண்டரை மணி நேரம் எங்கே வசூலாகிறது என்பதே நம் வினா. விடை: 1931 முதல் மின்சாரத்தில் ஓடும் தாம்பரம்–கடற்கரைத் தடத்தில்.

சானடோரியத்தில் தலை சாயும். குரோம்பேட்டையில் வாய் திறக்கும். பல்லாவரம் வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரரின் தோள், இழப்பீடின்றிக் கையகப்படுத்தப்பட்டிருக்கும். சென்சார் இங்கே திணறும். பெட்டி ஆடும் ஆட்டத்தில் குறட்டை விடுபவரும் விழித்திருப்பவராகப் பதிவாகலாம். மாறாக, கிண்டியில் முதியவர் ஒருவர் எதிரே வந்து நின்றதும் சட்டென்று கண் மூடுபவர் விரலைக்கூட அசைக்கமாட்டார். அவருக்குக் கருவி ஆழ்ந்த உறக்கச் சான்றிதழ் தந்துவிடும். அசையாமல் கிடக்கும் விழிப்பை உறக்கமென்று எண்ணுவது அக்கருவியின் பிறவிக் குறை. இவ்வகையினரை எழுப்ப முடியாதென்று பழமொழி எப்போதோ எச்சரித்துவிட்டது.

மேற்படி ஆய்வில், இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியும் வேலைத்திறனில் மாற்றம் புலப்படவில்லை. பணியிடத்தில் பிற்பகலில் போட்ட குட்டித் தூக்கமே பலன் தந்தது. தாம்பரத்தார் அதைக் காலை எட்டு மணிக்கே முடித்துவிடுகிறார்கள். பிற்பகல் வேறு, காலை வேறு என்பாருக்கு நம் மறுமொழி: அலுவலகத்தில் மேலாளர் இருக்கிறார், ரயிலில் இல்லை.

தீராத புதிர் ஒன்று உண்டு. அத்தனை நிலைய அறிவிப்புக்கும் அசையாதவர் மாம்பலத்தில் மட்டும் எப்படிக் கண் விழிக்கிறார்? பிரேக் உலுக்கல் எல்லா நிலையத்துக்கும் பொது. ஆகவே அக்கொள்கை தள்ளுபடி. இறங்கும் கூட்டம் இடித்து எழுப்புகிறது என்பதே இப்போதைக்கு வலுவான கருத்து. கடற்கரை வரை போய்விடுபவரை விதிவிலக்கென்று ஒதுக்கச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதே வண்டி திரும்பும்போது ஜன்னலோர இருக்கை அவருக்குத்தான்.