நாலு பல்லா, ரெண்டு பல்லா?

கேள்வி: இரும்பில் ஜோராக ஓடிய 10 மி.மீ. எண்டு மில், அலுமினியத்தில் ஸ்லாட் போட்டால் உடைந்துவிடுகிறது. கட்டர் மட்டமா, என் கை மட்டமா?
– சி.என்.சி. ஆபரேட்டர், கோவை

பதில்: இரண்டும் இல்லை. கட்டருக்கு மூச்சு முட்டுகிறது! உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அலுமினியம் அப்பிக்கொண்டிருக்கும். பல் கூடினால் கடி கூடும் என்பது வாய்க்குத்தான் சரி. நாலு ஃபுளூட் (பல்) கட்டரில் நடுத்தண்டு தடிமன், பள்ளம் குறுகல். இரும்புக்கு அந்தத் தெம்பு வேண்டும். அலுமினியமோ பெரிய பெரிய சிப்பாக வரும்; சூட்டில் இளகி ஒட்டும். வெளியேற வழியில்லாவிட்டால் கட்டர்தான் பலி.

இரண்டு அல்லது மூன்று ஃபுளூட் உள்ள, பாலிஷ் செய்த கார்பைடு கட்டர் வாங்குங்கள். கோட்டிங்கில் அலுமினியம் கலந்திருந்தால் வேண்டாம். இனம் இனத்தோடு ஒட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு 200 மீட்டர் வெட்டு வேகம் என்றால், 10 மி.மீ. கட்டருக்குச் சுமார் 6,400 சுற்று வரும். கூலண்டோ காற்றோ அடித்து சிப்பை விரட்டிக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று: கோலெட்டுக்கு வெளியே கட்டரை அதிகம் நீட்டாதீர்கள். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. எவ்வளவு ஆழம் தேவையோ, அதைவிடக் கொஞ்சம் நீட்டினால் போதும். நல்ல கட்டருக்குக் கொடுக்கும் காசு, வீணாகாமல் தப்பும் ஒரு ஜாபிலேயே திரும்பிவிடும்.