ஒப்பாரும் மிக்காரும் ஆறு பேர்

திருகோணமலையில் எங்கள் கந்தோரில் ஒருவர் நல்லவர் என்பது தெரியவர வேண்டுமானால், அவருக்கு இடமாற்றக் கடிதம் வரவேண்டும். அதுவரை அவர் கோவையைக் கிடப்பில் போடுகிறவர், மத்தியானத்தில் கண்ணயர்கிறவர். கடிதம் வந்த அடுத்த கிழமை சேவைநலன் பாராட்டு விழா. நலன்புரிச் சங்கம் மாதாமாதம் சம்பளத்தில் கழித்த காசில் பொன்னாடை, மாலை, கோணேசர் கோயில் படம் போட்ட சுவர்க்கடிகாரம், ஆளுக்கொரு ரோல்ஸ். வாழ்நாளில் எட்டரைக்குக் கையெழுத்து வைத்தறியாத ஒருவருக்கும் கடிகாரம்தான் கொடுத்தோம். குத்தல் இல்லை, கடையில் அதுதான் மலிவு.

“எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்” என்று பிரதம இலிகிதர் புகழும்போது, அந்த எண்ணெய்க்கு மாசக்கணக்காகக் காத்திருக்கும் கோவைகள் பின்னால் அலுமாரியில் இருக்கும். வாழ்த்துமடலும் கணினியில் ஒன்றுதான். பெயரை மட்டும் மாற்றுவோம். அதனால் எங்கள் சாரதி, கணக்கு ஐந்தொகையை ஒரு சதம் பிசகாமல் முடித்தவர் என்ற புகழோடு ஓய்வுபெற்றார்.

2022 தான் சோதனைக் காலம். அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள். அதை நம்பி மேல்மாடி கட்டத் தொடங்கியவர்கள் உண்டு. நாடு கடனில் கவிழ்ந்ததும், அதே வருசம், 60 தாண்டிய எல்லாரும் டிசம்பர் 31 உடன் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எங்களிடம் ஒரே மேடையில் ஆறு பேர். முதலாமவரை “ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர்” என்று பேச்சாளர் அறிவித்தார். ஒப்பார் ஐந்து பேர் பக்கத்துக் கதிரைகளிலேயே மாலையோடு இருந்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி மரியாதை என்றால் வேறொரு இடத்தைத்தான் சொல்லவேண்டும். நிலாவெளி வீதியோரம், உப்புவெளியில், இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்ட ஊரல்லவா இது. மயானத்தைப் பராமரிக்கும் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு 1917 இல் தொடங்கியது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்பது அதன் விதி. (எல்லா நாட்டிலும் அந்த விதியைக் காக்கவில்லை என்று 2021 இல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள், அது வேறு கதை.) எங்கள் சங்கத்தின் யாப்பில் அப்படி ஒரு விதியே கிடையாது. பணிப்பாளருக்குச் சரிகைப் பொன்னாடை, இலிகிதருக்குச் சரிகை மாதிரி ஒன்று, அலுவலக உதவியாளருக்குத் துவாய்.

அந்த உதவியாளர் அண்ணைதான் கந்தோரைக் கொண்டு நடத்துகிறவர். யாருக்குச் சீனி வருத்தம், யார் வீட்டில் சண்டை, பணிப்பாளர் எந்த மனநிலையில் வந்திருக்கிறார் எல்லாம் தேத்தண்ணித் தட்டோடு வந்து சேரும். போகுமுன்பே ஒருவரைப் பாராட்டினால் என்ன என்று, எல்லார் முன்னிலையிலும் சொன்னேன்: “அண்ணை, நீங்கள் இல்லாட்டி இந்தக் கந்தோர் ஓடாது.”

தட்டை மேசையில் வைத்தார். முகம் வெளிறிவிட்டது.

“எனக்கு மாற்றம் வந்திட்டுதோ, சேர்? எங்கை? மூதூரோ, கோமரங்கடவலையோ?”

நிர்வாகக் கிளைக்குப் போய் விசாரித்துத் திரும்பிய பிறகுதான் தேத்தண்ணி ஊற்றினார். எனக்கு மட்டும் சீனி போடவில்லை.