‘எப்படி இருக்கு?’: கத்துக்குட்டிப் புகைப்படக்காரருக்கு விடை சொல்லும் முறை குறித்து ஓர் இலக்கண ஆய்வு

இந்த ஆய்வு ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட நேரத்தில் தொடங்கியது. பக்கத்து இலைக்காரனான என் மச்சான், இடக்கையால் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, “மாமா, இது எப்படி இருக்கு?” என்று கேட்டான். பள்ளிக்கரணையில் எடுத்த வெண்மார்பு மீன்கொத்தி. மாதத் தவணையில் வாங்கிய 600 மில்லிமீட்டர் லென்ஸின் முதல் மகசூல். நான், “சூப்பர்” என்றேன். அவன் கைபேசியை என் கையிலேயே கொடுத்து, “நிஜமா சொல்லுங்க மாமா” என்றான். “செம” என்று திருத்திக்கொண்டேன். அவன் முகம் வாடிப்போயிற்று. பாராட்டியதற்கு ஒருவன் முகம் ஏன் வாட வேண்டும்? இதுவே ஆய்வுச் சிக்கல்.

முன்னோர் ஆய்வுகளைத் தேடிப் போனதில், பவணந்தி முனிவர் இதற்கு ஏற்கெனவே அடித்தளம் போட்டு வைத்திருப்பது தெரிந்தது. வினா ஆறு வகை என்கிறது நன்னூல்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஒன்பதாம் வகுப்பில் இவற்றை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. வாழ்க்கையில் எங்கே உதவும் என்று தமிழய்யா சொல்லவில்லை. இங்கே உதவுகிறது.

‘எப்படி இருக்கு?’ என்பது மேலோட்டமாகப் பார்த்தால் அறியா வினா, தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஆனால் கேட்பவன் அந்தப் படத்தை நேற்றிரவு இரண்டு மணி வரை பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தவன். அவனுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப்போகிறது? ஆகவே இது அறிவினா என்று ஒரு கட்சி கிளம்பலாம். ஆசிரியர் விடையைத் தெரிந்துகொண்டே மாணவனைக் கேட்பதுபோல, விடை ‘பிரமாதம்’ என்று அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியுமா என்று சோதிக்கிறான். நான் நெடுநாள் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். இப்போது மாறிவிட்டேன். பெரும்பாலும் இது கொளல் வினாவே. கடைக்காரரிடம் ‘பருப்பு இருக்கிறதா?’ என்று கேட்பவர் பருப்பின் இருப்பு பற்றித் தத்துவ விசாரம் செய்யவில்லை. பையோடு வந்திருக்கிறார். நம் புகைப்படக்காரரும் பையோடுதான் வருகிறார். அரைக் கிலோ பாராட்டுப் போட்டு அனுப்பினால் வியாபாரம் முடிந்தது.

சிக்கல் எங்கே என்றால், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரும் அதே இரண்டு சொற்களைத்தான் கேட்கிறார். வேறுபாட்டைக் காட்ட மொழியில் உருபு எதுவும் இல்லை. கள ஆய்வில் எனக்குக் கிடைத்த ஒரே அடையாளம் கைபேசியின் இருப்பிடம். கொளல் வினாக்காரர் அதைத் தன் கையை விட்டு விடமாட்டார். காட்டுவார், நீங்கள் தலையாட்டுமுன் இழுத்துக்கொள்வார். அறியா வினாக்காரர் கைபேசியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். என் மச்சான் முதலில் முன்னவனாக வந்து, நடுவில் பின்னவனாக மாறினான். நான் பழைய விலைக்கே பருப்பை நிறுத்துப் போட்டேன். அதுதான் முகம் வாடியதன் காரணம்.

இனி விடை. இது எட்டு வகை. நேர்விடை என்பது ‘சூப்பர்’, ‘செம’, ‘வேற லெவல்’ முதலியன. இவற்றுக்குப் பொருள் கிடையாது. அசைச்சொற்கள் என்றே கொள்ளலாம். மறைவிடை, அதாவது ‘நன்றாக இல்லை’ என்பது, சொந்தக்காரர்களிடையே வழக்கொழிந்துவிட்டது. அதைச் சொன்னவரின் வீட்டு விசேஷத்துக்கு அடுத்த முறை யாரும் படமெடுக்க வரமாட்டார்கள். உற்றதுரைத்தல்: “கண்ணாடியை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்பா.” உறுவது கூறல்: “பாத்துக்கிட்டே இரு, நேஷனல் ஜியோகிராஃபிக்காரன் உன்னத் தேடி வரப்போறான்.” ஏவல்: “நீயே சொல்லேன்.” இனமொழி விடை மிக நுட்பமானது. கதை எழுதத் தெரியுமா என்றால் கவிதை எழுதுவேன் என்பதுபோல, படம் எப்படி என்றால், “பள்ளிக்கரணையில இவ்வளவு பறவை வருதா!” என்று வியப்பது. கேட்டவருக்கு ஏதோ கிடைத்த மாதிரியும் இருக்கும், ஒன்றும் கிடைத்திருக்காது.

எல்லாவற்றிலும் கொடியது வினா எதிர் வினாதல். “எந்தக் கேமரா?” இந்த ஒற்றைக் கேள்வி செய்கிற சேதத்தைப் புகைப்படம் எடுக்காதவர்கள் அறியமாட்டார்கள். சமைத்தவரிடம் எந்தக் குக்கர் என்று கேட்பதற்குச் சமம். கெட்ட படத்துக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை. நல்ல படத்துக்குத்தான் வரும். அதாவது படம் நன்றாக இருந்தால் கேமரா எடுத்தது, மோசமாக இருந்தால் இவன் எடுத்தது. இந்த நியாயத்துக்கு வரலாற்று வேரும் உண்டு. 1888-இல் கோடக் கேமரா வந்தபோது, நூறு படத்துக்கான சுருள் உள்ளேயே இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். கழுவி, பிரதி எடுத்து, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டுமே உங்கள் வேலை, மிச்சமெல்லாம் எங்களுடையது என்பதே விளம்பரம். கத்துக்குட்டி பிறந்த அன்றே அவன் பங்கு ஒரு விரலளவு என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

சுட்டுவிடையை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன்.

அதற்குமுன், அரைகுறையாகக் கற்றவர்களின் விடை பற்றி ஒரு வார்த்தை. இவர்கள் இரண்டு வாரம் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர்கள். “கொஞ்சம் கிராப் பண்ணியிருக்கலாம்” என்பார்கள். அல்லது “கிராப் பண்ணவே கூடாது, கார்த்தியே-பிரெஸ்ஸோன் பண்ணவே மாட்டார்” என்பார்கள். பாரிஸின் சேன் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டும் அந்த 1932-ஆம் ஆண்டுப் படம், அந்தப் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரின் படங்களிலேயே பெயர்பெற்றது. அது வேலி இடுக்கு வழியாக எடுக்கப்பட்டு, ஓரம் வெட்டப்பட்டது. “ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லையே” என்பார்கள். மூன்றில் ஒரு பங்கு விதியை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-இல் நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றிய நூலில் எழுதி வைத்தார். அப்போது புகைப்படமே கிடையாது. உலகத்துக்கு அது அறிவிக்கப்பட 1839 வரை காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறக்க 42 ஆண்டுக்கு முன்னரே தைத்த சட்டை அது. சிலருக்குப் பொருந்துகிறது, மறுக்கவில்லை.

“வானம் வெளுத்துப் போச்சு” என்பது இன்னொன்று. இந்தக் குறை நம் ஊருக்குப் புதிதல்ல. 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த கேப்டன் லினேயஸ் டிரைப் காலத்து ரசாயனங்கள் நீல நிறத்தை அளவுக்குமேல் உறிஞ்சியதால், நம் வானம் அவருக்கும் வெளுத்துத்தான் வந்தது. நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. அரசாங்கச் சம்பளம் வாங்கிய புகைப்படக்காரர் செய்தால் அது வரலாறு. என் மச்சான் கைபேசியில் செய்தால் “எடிட் பண்ணதுதானே?”

உண்மையான விமர்சகர் ஒருவரை என் வாழ்நாளில் நான் சந்தித்திருக்கிறேன் என்றால், அது எங்கள் தெருமுனை ஸ்டூடியோக்காரர். பிலிம் ரோல் காலம். 36 படம் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, “நல்லா வந்ததை மட்டும் பிரிண்ட் போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வருவோம். மறுநாள் மஞ்சள் உறையை நீட்டுவார். அதன்மேல் பென்சிலால் 11 என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான் விமர்சனம். ஒரு சொல் பேசமாட்டார், காசும் 11-க்குத்தான். எந்த 25 விழவில்லை என்று நெகட்டிவை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பிரிண்டுக்குப் பிரிண்ட் காசு கிடைக்கும் மனிதர், காசை விட்டுக்கொடுத்து 25 படத்தை மறுத்திருக்கிறார். இதைவிட நேர்மையான மறைவிடையை நான் பார்த்ததில்லை.

இப்போது சுட்டு. ‘கடைத்தெரு எங்கே?’ என்றால், ‘அந்தப் பக்கம்’ என்று திசையைக் காட்டுவது. படத்துக்கும் இதுவே விடை என்று எனக்கு உணர்த்தியவர் என் மாமியார். பந்தி முடிந்து மண்டபத்து வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம் மச்சான் அதே படத்தைக் காட்டினான். அவருக்குக் கிராப் தெரியாது, கார்த்தியே-பிரெஸ்ஸோனும் தெரியாது. சுண்ணாம்பு ஒட்டாத விரலாகப் பார்த்துத் திரைக்கு அருகே நீட்டி, “ஏண்டா, குருவி கழுத்துல கம்பி குத்தியிருக்கே, பாவம்” என்றார்.

எட்டிப் பார்த்தேன். பறவைக்கு வெகு பின்னால் ஒரு மின்கம்பி போகிறது. அது சரியாக அந்த வெள்ளைக் கழுத்தில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. நான் இருமுறை பார்த்தும் கண்ணில் படவில்லை. எடுத்தவன் இரவு இரண்டு மணி வரை பார்த்தும் படவில்லை. அவன் பறவையைப் பார்த்தான், நான் பாயசத்தைப் பார்த்தேன், அவர் ஒருவர்தான் படத்தைப் பார்த்தார். மச்சான் முகம் வாடவில்லை. “ஆமாம்மா! ரெண்டடி இடதுபக்கம் நகர்ந்திருந்தா கம்பி வந்திருக்காது” என்று அங்கேயே இரண்டடி நகர்ந்து காட்டினான், காலடியில் இருந்த ஒரு சொம்பு உருண்டது.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தபோது நான் ஆயத்தமாக இருந்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டேன். இந்த முறை ஒரு நாரை. கைபேசியைக் கையில் வாங்கினேன். அறியா வினா என்பது உறுதி. நிதானமாகப் பார்த்ததில், நாரையின் கால் விரல்கள் படத்தின் அடி விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தன. “இங்க பாரு” என்று சுட்டுவிரலை அந்த இடத்தில் வைத்தேன். சுட்டுவிடையின் நடைமுறைச் சிக்கல் ஒன்று பவணந்தியாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விரல் பட்டதும் நாரை நகர்ந்து போய், அடுத்த படம் வந்துவிட்டது.

அதில் நான் இருந்தேன். அதே கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, வாய் திறந்த உறக்கம். சன்னல் வழியே வந்த வெயில் வழுக்கையில் விழுந்து, மடியில் தாம்பூலப் பை சரிந்து கிடந்தது. பின்னால் கம்பி எதுவும் இல்லை. கால்விரல் பத்தும் சட்டத்துக்குள் இருந்தன. எங்கே விரலை வைப்பது என்று எவ்வளவோ தேடினேன்.

“இது எப்படி இருக்கு மாமா?” என்றான்.

“எந்தக் கேமரா?” என்றேன்.